உளுந்து காய்ந்த சைக்கிள் பாதை

“…பாதை மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லைங்க ஐயா. பாதை என்னா பண்ணும்? அது பாட்டுக்கு வாயில்லாமப் படுத்துக் கெடக்குது. அதைப் போய்க் குத்தம் சொன்னா, நாளைக்கு யாரு போவா அது மேல?” என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி நிறுத்தினார்.

கடலூரில் ஒரு பெரிய அலுவலகத்தின் கூட்ட அறை அது. தலைமை வகித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “சரி, பாதை மேல கோவம் இல்லை. அப்போ உளுந்து யாருது? சுத்திக் கல்லு வச்சது யாரு? இந்த அறையிலயே அந்த ஊர்க்காரங்க இத்தனை பேர் உக்காந்திருக்கீங்க. யாருதுன்னு ஒருத்தராவது சொல்லுங்க,” என்றார்.

அதற்குக் கலியமூர்த்தி என்ன செய்தார் என்பதை இப்போதே சொன்னால் படிப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு சாலையின் ஓரத்துக்குச் சைக்கிள் பாதை எப்படி வந்தது, அந்தப் பாதைக்கு உளுந்து எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அந்த மனுஷர் செய்ததன் கனம் தெரியும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு போன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் உதவிப் பொறியாளர் என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டார்: “சார், சிதம்பரத்துலேர்ந்து சேத்தியாத்தோப்பு போற வழியில ஓரத்துல ஒரு சைக்கிள் பாதை இருக்கே, அது வாய்க்கால் பாலத்தோட ஏன் சார் நின்னு போச்சு? இப்ப மறுபடியும் சைக்கிள் பாதை போடலாமா வேணாமான்னு பேச்சு ஓடுது. பழைய கதை தெரிஞ்சவங்க நீங்கதான்னாங்க.” போனில் சொல்லக்கூடிய கதையாக அது இல்லை. “எழுதித் தரேன் தம்பி” என்றேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாவதோடு சரி. கடலூரில் சாலை போடும் கூட்டத்தில் சல்லி கொட்டுகிற ஆளாகத்தான் நுழைந்தேன். லெவல் பார்க்கிற கருவியில் கண் வைக்க விடமாட்டார்கள். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் மர நிழலுக்குப் போனதும் நான் போய்க் கண் வைப்பேன். அப்படிப் படித்ததுதான் என் படிப்பு. தேர்வு எழுதி ரோடு இன்ஸ்பெக்டர் ஆனபோது தலையில் பாதி நரைத்துவிட்டது. அந்தக் கடல் அலை வந்த வருஷம், கரையோரச் சாலைகளை மணலிலிருந்து தோண்டி எடுக்கிற வேலையில் இருந்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. அந்த வேலை முடிந்து ஓரிரு வருஷத்தில் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் தேவசகாயம் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

தேவசகாயம் சார் கிள்ளைப் பக்கத்துக்காரர். உதவிக் கோட்டப் பொறியாளர். மெலிந்த ஆள், குரலும் மெலிசு. ஜீப்பில் உட்கார்ந்து சாலையைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இறங்கி நடப்பார். ஜீப் அவருக்குப் பின்னால் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து வரும். புதுசாகத் தார் போட்ட இடம் ஆறியதும் பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்குவார். குடிக்க அல்ல. சாலையின் நடுவில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று பார்ப்பார். தயங்கினால் அந்த இடத்தில் காலால் ஒரு கோடு கிழிப்பார். அவ்வளவுதான், திட்ட மாட்டார். ஒப்பந்தக்காரர்களுக்கு அந்தக் கோட்டின் மேல்தான் பயம். “திட்டுனாக் கூடத் திருப்பிப் பேசலாம், இந்த மனுஷன் கோடு கிழிச்சிட்டுப் போயிடறாரே” என்று ஒருவர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

ஊர் மக்கள் வந்து கத்தினால் முழுக்கக் கத்த விடுவார். கத்தி ஓய்ந்ததும், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார். அதற்கப்புறம் எவரால் கத்த முடியும்?

அறிக்கை எழுத அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை ஒன்றே ஒன்று. “பார்த்ததை எழுதுங்க. கேட்டதை எழுதாதீங்க. நெனச்சதை மனசுல கூட எழுதாதீங்க.” பின்னால் அந்த முறைதான் அவருடைய பாதைக்கே எதிராகப் போய் நின்றது.

அந்தச் சமயம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியிருந்தது. சாலையில் காலையில் பார்த்தால் நீலத் தாவணி, வெள்ளைச் சட்டை, வரிசை வரிசையாகச் சைக்கிள். ஒதுங்க இடம் கிடையாது. தார் முடிகிற இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண் அரித்துப் போயிருக்கும். பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளைகள் அப்படியே பள்ளத்தில் இறங்குவார்கள். சில பேர் விழுவார்கள். சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு நிதி வந்தபோது, சார் அதை வைத்துச் சிதம்பரம் நகரத்துக்குள்ளிருந்து தொடங்கி, வெளியே மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் அனுப்புகிற ஊர்கள் வரைக்கும் ஓரத்தில் தனியாக ஒரு சைக்கிள் பாதை போடலாம் என்று எழுதினார்.

அதற்கு ஒரு கலந்துரையாடல் கூட்டம் வைத்தார்கள். ஒரு சத்திரத்தின் மாடி. மூச்சு விட இடமில்லை.

ஜவுளிக் கடைக்காரர் ஒருத்தர் முதலில் எழுந்தார். “சைக்கிளுக்குப் பாதை போட்டுட்டா என் கடைக்கு வர்றவன் காரை எங்க நிறுத்துவான்? என் தலை மேலயா?”

“நிறுத்தலாம், எடம் இருக்கு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைக்காரருக்குத் தலை வழுக்கை. மாடியே சிரித்தது.

ஆட்டோக்காரர்கள் சார்பாக ஒருவர்: “எங்க ஸ்டாண்டு போயிடும். நாங்க கோபுரத்து மேல ஏறி நிக்கறதா?”

கையில் பால் கேனோடு வந்திருந்த ஒரு பெரியவர், பேசச் சொல்லும்வரை காத்திருக்காமல் பேசினார். “நான் சைக்கிள்ல வந்தா ஒதுங்கு ஒதுங்குங்கறீங்க. எங்க ஒதுங்கறது? ஒதுங்கற எடத்துலதான் உங்க காரு நிக்குது.”

“ஐயா, இன்னும் கொஞ்ச வருஷத்துல சைக்கிளே இருக்காது. எல்லாரும் வண்டி வாங்கிடுவாங்க. இல்லாமப் போறதுக்கு எதுக்குப் பணத்தைக் கொட்டணும்? மெயின் ரோட்டை அகலப்படுத்துங்க” என்றார் மேடையில் இருந்த ஒருவர்.

தேவசகாயம் சார் எழுந்தார். “இல்லாமப் போற பொருளையா சார் அரசாங்கம் பிள்ளைங்களுக்குக் குடுக்குது? சைக்கிள் குடுத்தாச்சு. ஓட்டறதுக்கு எடம் குடுக்கலை. அதுதான் பாக்கி,” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. நகரத்துக்குள் பாதை கிடையாது. கடைகள் ஜெயித்துவிட்டன. நகரம் முடிகிற இடத்திலிருந்து வெளியே போடலாம், அதையும் இரண்டு கட்டமாக: முதலில் வாய்க்கால் பாலம் வரைக்கும், பிறகு பாலத்துக்கு அப்பால். எனக்கு ஏமாற்றம். சாருக்கு இல்லை. “அரசாங்கப் பணம் அரிசி மாதிரி. பானைக்குத் தகுந்தாப்புலதான் வேகும்” என்று எங்கள் ரோலர் ஓட்டுநர் சொல்வார். சாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

பாதையைப் போட்ட மாதங்கள்தான் என் வேலைக்காலத்தில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள். அரித்த பள்ளத்தை வெட்டி, கிராவல் நிரப்பி, நனைத்து, உருட்டி, அதன் மேல் சல்லி, அதன் மேல் மெல்லிய தார். பெரிய சாலைக்கும் பாதைக்கும் நடுவில் வெள்ளை அடித்த தடுப்புக் கற்கள் நட்டோம். மழைத் தண்ணீர் வடியவும், வயலுக்குப் போகிறவர்கள் இறங்கவும் கற்களுக்கு இடையில் அங்கங்கே இடைவெளி விட்டோம். சார் டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில்கூடக் கோடு கிழிக்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்தான் கலியமூர்த்தியுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிலம், கொஞ்சம் குத்தகை. இரண்டு பெண்கள். மூத்தவள் தேன்மொழி, இளையவள் கயல்விழி. மனைவி அஞ்சலை. அஞ்சலையின் தம்பி செல்வராசு, பாலத்துக்கு இந்தப் பக்கம், பாதையை ஒட்டிய வயல்காரர். வாய் ஓயாத ஆள். நான் பாதை வேலையில் நின்ற நாளெல்லாம் செல்வராசு கொண்டுவந்த மோரைக் குடித்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் நெல் அறுப்புக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்து விதைப்பார்கள். அது பங்குனியில் காய்ந்து அறுப்புக்கு வரும். அறுத்த செடியைப் பெரிய சாலையில் பரப்பிவிடுவார்கள்; பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அதுவே போரடித்துக் கொடுத்துவிடும். டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஏற்றுவார்கள். ஆனால் தூற்றி எடுத்த உளுந்தைக் காய வைக்க வேண்டுமே, அதன் மேல் சக்கரம் ஏறக் கூடாது. அதற்கு ஓர் ஓரம் வேண்டும். சூடு பிடிக்கிற கருப்புத் தரை வேண்டும். வண்டி வராமல் சுற்றிலும் கல் வைக்க வேண்டும்.

சொன்னால் புரிந்திருக்கும். சூடு பிடிக்கிற கருப்புத் தரை, வண்டி வராத ஓரம். அதைத்தான் நாங்கள் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தோம்.

முதல் பங்குனியில் போய்ப் பார்த்தபோது பாதை நெடுக உளுந்து. செல்வராசு கைகூப்பிக்கொண்டே வந்தார். “வாங்க ரோடு சாரே! எங்க ஊருக்கு மொத மொதல்ல களம் கட்டிக் குடுத்த புண்ணியவான் நீங்கதான்.”

“அது களம் இல்லய்யா, சைக்கிள் பாதை. எடுங்க எல்லாத்தையும்.”

“எடுத்து எங்க போடறது? உங்க வீட்டு மொட்டை மாடிலயா? வெயிலு காசு கேக்காது சாரே, எடந்தான் காசு கேக்குது. சைக்கிள் போறது காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நடுவுல பாதை சும்மா வெயில் காயுது. அத்தோட எங்க உளுந்தும் காஞ்சா உங்களுக்கு என்னா கொறைஞ்சு போவுது?”

பக்கத்தில் நின்ற கலியமூர்த்தி, “டேய் மச்சான், என் பொண்ணு போற வழிடா அது” என்றார்.

“எம் மருமவளுக்கு வழி விடாம இருப்பனா மாமா? அவ வந்தா உளுந்து தானா எழுந்து நிக்கும்.”

சார் வந்து பார்த்தார். எல்லாரையும் கத்த விட்டார். பிறகு ஓர் ஏற்பாடு ஆயிற்று: பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன பிறகுதான் பரப்ப வேண்டும், பள்ளிக்கூடம் விடுவதற்குள் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஊரும் அதைச் சத்தியம் மாதிரிக் காப்பாற்றியது. பெண்கள் விளக்குமாற்றோடு வந்து, மணி அடிப்பதற்குள் பாதையைத் துடைத்த மாதிரி ஆக்கிவிடுவார்கள்.

அதோடு நிற்காமல் சார், அங்கே ஓர் உலர்களம் கட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் பாதை நிலைக்காது என்று மேலே எழுதினார். சைக்கிள் பாதைக்கு ஒதுக்கிய பணத்தில் களம் கட்ட விதி இடம் தராது, களம் வேறு துறையின் வேலை என்று பதில் வந்தது. அந்த வேறு துறைக்கு எழுதினார். சாலையை ஒட்டிக் களம் கட்டுவது தங்கள் வரம்பில் வராது என்றார்கள். அந்த இரண்டு பதில்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சார் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் பொய் சொல்லலை பாருங்க. அதுதான் கஷ்டம்,” என்றார்.

ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பள்ளி இல்லையென்று விடிந்ததும் பரப்புவார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, யாரும் கேட்கவில்லை. அந்தப் பாதை பள்ளிக்கூடப் பாதை என்று அந்த ஊருக்கும் எங்களுக்கும் மனதில் படிந்து போயிருந்தது. பள்ளி மணி அடித்தால் பாதைக்கும் மணி அடித்த மாதிரி.

தேன்மொழி பள்ளிப் படிப்பை முடித்துச் சிதம்பரத்தில் நர்சிங் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பாலத்துக்கு அப்பால் இரண்டாம் கட்டத்துக்கு நாங்கள் சல்லி கொட்டத் தொடங்கியிருந்தோம். காலையில் அவள் அந்தக் குவியல்களை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு வருவாள். “எப்ப முடியும் சார் இது? நான் கெழவி ஆறதுக்குள்ள முடியுமா?” என்பாள். “உன் கல்யாண ஊர்வலமே இதுலதாம்மா” என்பேன். “ஊர்வலம் சைக்கிள்லயா? மாப்பிள்ளை ஓடிப் போயிடுவான்” என்று சொல்லிக்கொண்டே போய்விடுவாள்.

பங்குனி உத்திரத்தன்று அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை. ஆகவே விடிந்ததுமே உளுந்து பாதைக்கு வந்துவிட்டது. சுற்றிக் கல்லும் வைத்தாகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு உத்திரம் ஏது? தேன்மொழி வழக்கம்போல வந்தாள். பாலம் இறங்கிப் பாதையில் ஏறினாள். உளுந்தைப் பார்த்ததும், எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள்: தடுப்புக் கல்லின் இடைவெளி வழியாகப் பெரிய சாலைக்கு இறங்கினாள், உளுந்தைத் தாண்டி அடுத்த இடைவெளியில் ஏறிக்கொள்ளலாம் என்று. இறங்குகிற இடத்தில் உளுந்துக்கு வைத்த கல் ஒன்று சக்கரத்தில் தட்டியிருக்கிறது. பின்னால் கரும்பு லாரி.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பாதையில் உளுந்து இல்லை. ஒரு கல்லும் இல்லை. எல்லாவற்றையும் வாய்க்காலில் தள்ளியிருந்தார்கள். தார் மேல் விளக்குமாறு இழுத்த கோடுகள் மட்டும் வளைவு வளைவாக இருந்தன. தப்பிய உளுந்தை நாலைந்து புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. யாருடைய உளுந்து என்று கேட்டேன். ஊரே தரையைப் பார்த்தது.

அறிக்கையில் என்ன எழுதுவது என்று சாரிடம் கேட்டேன். “என்ன பார்த்தீங்க?”

“கூட்டின தடம் பார்த்தேன் சார்.”

“அதை எழுதுங்க.”

மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு சாரும் நானும் கலியமூர்த்தி வீட்டுக்குப் போனோம். கலியமூர்த்தி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. அஞ்சலைதான் பாயை விரித்தாள். பேசவே மாட்டாள் என்று நினைத்தேன். திடீரென்று பேசினாள்.

“எந் தம்பி உளுந்துதான் அண்ணே. எல்லாருக்கும் தெரியும். ஒளிச்சு என்னா ஆவப் போவுது? அவன் மூணு நாளா மாட்டுக் கொட்டாய்ல படுத்துக் கெடக்கறான். தண்ணி கூட எறங்கலை. பொண்டாட்டி வேற மாசமா இருக்கா. அந்தப் பொண்ணுக்கு நடை பழக்குனவனே அவன்தான்.” பாயின் ஓரத்தை நேராக்கிவிட்டுச் சொன்னாள்: “எம் மவளைக் குடுத்துட்டேன். எந் தம்பியையும் குடுன்னு கேக்காதீங்க.”

சார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். “நாங்க கேக்கலைம்மா” என்றார். திரும்பி வரும்போது ஜீப்பில் ஏறாமல் பாலம் வரை நடந்தார். “நாம பார்க்காதது. கேட்டதுதான். எழுதாதீங்க,” என்றார்.

அந்தப் பெயரை எழுதியிருந்தால் பாதை பிழைத்திருக்கும் என்றுதான் அப்போது நம்பினோம். எப்படி என்றால், விபத்து நடந்ததுமே பாலத்துக்கு அப்பால் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. விசாரணைக் கூட்டம் முடிவு செய்யும் என்றார்கள். முடிவு இரண்டில் ஒன்றுதான். பாதையில் கல் வைத்த ஆள் யாரென்று தெரிந்தால் குற்றம் அந்த ஆளுடையது. அவர் மேல் வழக்கு, பாதை தொடரலாம். ஆள் தெரியாவிட்டால் குற்றம் பாதையுடையது. அமைப்பே சரியில்லை என்று எழுதி, மிச்சப் பணத்தைப் பெரிய சாலையை அகலப்படுத்தத் திருப்பிவிடலாம். அகலப்படுத்த வேண்டும் என்று சத்திரத்து மாடியில் பேசியவர்களுக்கெல்லாம் இப்போது ஒரு பிணம் கிடைத்துவிட்டது. இப்படி எழுதுவது கொடுமையாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. “நாங்க அப்பவே சொன்னோம்” என்று எங்களிடமே வந்து சொன்னார்கள்.

கூட்டம் நடக்க மாதங்கள் ஆயின. அதற்கு முந்தின நாள் கலியமூர்த்தி என்னைத் தேடி வந்தார். பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். சாரும் இருந்தார்.

“நாளைக்கு என்னைக் கேப்பாங்களாமே சார். நான் என்னா சொல்லணும்?”

பாதை நிலைக்க வேண்டும் என்று சாரைவிட ஆசைப்பட்டவர் கிடையாது. பேரைச் சொல்லுங்க என்று ஒரு வார்த்தை போதும். “நடந்ததைச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

கலியமூர்த்தி சல்லிக் குவியலில் உட்கார்ந்தார். “கயல்விழி பத்தாவது பாஸ் பண்ணிட்டா சார். பதினொண்ணாவதுக்கு டவுனுக்குப் போவணுங்கறா. டவுன் பஸ் எங்க ஊருல நிக்காமப் போவுது, நின்னாலும் படிக்கட்டுலதான். பாதை வந்தா அனுப்புவேன். இல்லைன்னா எந்த நெஞ்சோட அந்த ரோட்டுல அனுப்பறது? அஞ்சலை இப்பவே வேணாங்கறா. பாதை மேல தப்புன்னு சொன்னா, அது அந்தப் பாலத்தோட செத்துடும். இவ படிப்பும் செத்துடும்.” மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மச்சான் பேரைச் சொன்னா, எம் பொண்டாட்டி செத்துடுவா. அவ சொல்லிட்டா. ரெண்டு கையிலயும் நெருப்பு சார். எந்தக் கையை மூடறது?”

சார், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி அவ்வளவு பலமில்லாமல் வந்து நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் பாலத்துக்கு அப்பால் பாதை போயிருக்காது. வேலையை நிறுத்தி வைத்த அந்த உத்தரவு இருக்கும்போதே மார்ச் முடிந்துவிட்டது. வருஷத்துக்குள் செலவாகாத பணம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. செத்த பிள்ளைக்கு ஜாதகம் பார்த்த மாதிரி, இல்லாத பணத்துக்குத்தான் கூட்டம் கூட்டினார்கள். எனக்கோ சாருக்கோ அது அப்போது தெரியாது. தலைமை வகித்தவருக்குத் தெரியுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளில் சாரைத் தெற்கே எங்கோ மாற்றினார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் பெரிய சாலையை அகலப்படுத்தினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கலியமூர்த்தியையும் கயல்விழியையும் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து பாலம் வரைக்கும் அவர் தன் சைக்கிளில் லாரி வருகிற பக்கம், மகள் ஓரப் பக்கம். பாலம் வந்ததும் அவள் பாதையில் ஏறிப் போவாள். அவர் அங்கேயே நின்று, அவள் தலை மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இதெல்லாம் பிற்பாடு. கூட்டத்தன்று இவை ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. பாதை பிழைக்குமா சாகுமா என்பது அந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்றுதான் அந்த அறையில் இருந்த எல்லாரும் நம்பினோம். கலியமூர்த்தியும் அதைத்தான் நம்பினார்.

கூட்டம் தொடங்கும்போதே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பாதையின் அகலம் போதாது, இடைவெளிகள் ஆபத்து, உள்ளூர்ப் பழக்கத்துக்கு ஒத்துவராத திட்டம் என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். சாரைக் கேட்டபோது, “இடைவெளி விட்டது நான்தான். தண்ணி வடியறதுக்கு விட்டேன்” என்றார். மகளைப் பறிகொடுத்த தகப்பனே பாதை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று கலியமூர்த்தியை எழுப்பினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், “பாதை சரியில்லைன்னு சொல்லிட்டு உக்காருங்க, போதும்” என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போதுதான் அவர், பாதை மேல் தனக்குக் கோபம் இல்லை என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உளுந்து யாருடையது என்று அறையைப் பார்த்துக் கேட்டார். ஊர்க்காரர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். செல்வராசு சுவரோரம். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, அந்தக் கேலிக்கார ஆளா இது என்று தோன்றியது. கேள்வி காதில் விழுந்ததும் நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். கால் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“யாருமே இல்லையா? உளுந்து தானா வந்து படுத்துக்கிச்சா?” என்றார் அதிகாரி. எழுதுகிறவர் பேனாவை மூடப் போனார்.

கலியமூர்த்தி திரும்பித் தன் மச்சானைப் பார்க்கவில்லை. தேவசகாயம் சாரையும் பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டு, வாத்தியார் வகுப்பில் இதைச் செய்தது யார் என்று கேட்டால் ‘நான்தான்’ என்று பிள்ளைகள் தூக்குகிற மாதிரி, வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.